பழைய சர்ஃபேஸ் கிரைண்டர் வாங்கும்போது: டயல் முள் அசையாததை மட்டும் நம்பாதீங்க

கோவை கணபதி, சென்னை அம்பத்தூர் பக்கம் பட்டறையைக் காலி செய்யும்போது எச்.எம்.டி., பிராகா மாதிரி பழைய சர்ஃபேஸ் கிரைண்டர்கள் (உலோகப் பரப்பைத் தட்டையாக அரைக்கும் மெஷின்கள்) விலைக்கு வரும். வீட்டுப் பட்டறைக்கு 450×150 மி.மீ. அளவு தாராளம். பார்க்கப் போனால், விற்கிறவர் ஹெட்டில் (அரைக்கும் கல் இருக்கும் மேல்பாகம்) டயலை மாட்டி, அதன் முனையை ஜாப்பைப் பிடிக்கும் காந்தச் சக்கின் மேல் வைத்து டேபிளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட்டிக் காட்டுவார். முள் அசையாது. இதை வைத்து முன்பணம் கொடுத்துவிடாதீங்க. அந்தச் சக்கை அதே மெஷினில்தான் அரைத்திருப்பார்கள். சின்னச் சின்ன ஜாப் எல்லாம் நடுவில் வைத்தே ஓட்டுவதால் பெட் (டேபிள் ஓடும் தடம்) சமமாகத் தேயாது; டேபிள் லேசான வளைவில் ஓடும். சக்கும் அதே வளைவில்தான் அறுபட்டிருக்கும். ஒரு தப்பு இன்னொன்றை மறைத்துவிடுகிறது.

ஒரு கோட்டுக்கு மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வு காட்டுகிற மெஷின் லெவல் ஒன்றைக் கையோடு கொண்டு போங்க. டேபிளில் நீளவாக்கில் வைத்து, டேபிளை 50 மி.மீ.க்கு ஒருமுறை நகர்த்தி நிறுத்தி, குமிழி அடங்க அரை நிமிஷம் விட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுதுங்க. வளைவு சீராக இருந்தால் கணக்கு சுலபம்: கோண மாற்றத்தை ஓட்ட நீளத்தால் பெருக்கி 8-ஆல் வகுக்கணும். 450 மி.மீ. ஓட்டத்தில் ஒரு கோடு மாறினால் சுமார் 1 மைக்ரான். ஐந்து கோடு என்றால் ஐந்தாறு மைக்ரான். வீட்டு வேலைக்கு அது போதும், அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். பதினைந்து கோடு மாறினால் பெட்டை ஸ்கிரேப் பண்ணியாகணும் (கையால் சுரண்டிச் சமப்படுத்துவது). அந்த மெஷினை விட்டுவிடுவதே நல்லது.

* * *

லெவல் சோதனையில் ஒரு விஷயம் சேர்க்கணும்ங்க. டேபிள் ஒரு பக்கம் நகரும்போது அதன் எடையும் அந்தப் பக்கம் போகிறது. சின்ன மெஷின், அதுவும் சரியாக ஊன்றாத தரையில் நின்றால், மெஷினே சாயும். குமிழி அதையும் சேர்த்துக் காட்டும். அதனால் லெவலை அடிப்பாகத்தில் வைத்து அதே ஓட்டத்தை இன்னொருமுறை எடுத்துக் கழித்துக்கொள்ளணும். இதைச் செய்யாமல் நல்ல பெட்டைத் தேய்ந்தது என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு.

ஸ்பிண்டிலிலும் (கல்லைச் சுற்றும் தண்டு) இதே கதைதான். கல்லை அங்கேயே டிரெஸ் பண்ணுவதால் (முகத்தைச் சீவிச் சரிசெய்வதால்) கல் சுத்தமாகச் சுற்றும், ஸ்பிண்டிலின் கோணல் ஓட்டம் வெளியே தெரியாது. கல்லைப் பிடிக்கும் ஃபிளாஞ்சைக் கழற்றி, மூக்கு டேப்பரில் டயலை வைத்துக் கையால் சுற்றுங்க. 3 மைக்ரானுக்குள் இருக்கணும். பிறகு ஒரு மரக்கட்டையால் மூக்கை மேல்நோக்கி நெம்பி விடுங்க. முள் பழைய இடத்துக்கே திரும்பணும். கடைசியில் அரை மணி நேரம் ஓட்டி ஹவுசிங்கைத் தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகக் கூடாது. பால் பேரிங் இல்லாமல் புஷ்ஷில் சுற்றும் வகை ஸ்பிண்டில் என்றால் என்ன ஆயில் ஊற்றியிருக்கிறார்கள் என்று கேளுங்க. மெல்லிய ஸ்பிண்டில் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் 68 கிரேடு ஊற்றினால் அது சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

ஹெட் இறக்கத்தையும் பார்க்கணும். டயலைச் சக்கின் மேல் ஊன்றி, முனை ஹெட்டின் உடம்பைத் தொடும்படி வைத்து, 10 மைக்ரான் வீதம் பத்துமுறை இறக்குங்க. மூன்று தடவை திருப்பியும் அசையாமல் நான்காவதில் மொத்தமாகக் குதித்தால் ஸ்லைடு காய்ந்திருக்கிறது, அல்லது கிப் (ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) இறுக்கம். கழுவி ஆயில் விட்டு கிப்பைச் சரி பண்ணினாலே பெரும்பாலும் போய்விடும். ஆனால் வேலை நடுவில் அப்படிக் குதித்தால் கல் ஜாப்பைக் கடித்துத் தூக்கி எறியும்.

* * *

அண்ணா, வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். மெஷினில் இருக்கிற 1 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டாரை மாற்றியே ஆகணுமா?

* * *

வேண்டாம் தம்பி. முதலில் டெர்மினல் பெட்டியைத் திறந்து பார். ஆறு முனை வெளியே வந்து, பிளேட்டில் 415 ஸ்டார், 230 டெல்டா என்று இருந்தால், இணைப்பை டெல்டாவுக்கு மாற்றி, 230 வோல்ட் உள்ளே வாங்கி 230 மூன்று ஃபேஸ் வெளியே கொடுக்கிற வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்) போட்டால் போதும். மூன்றே முனை என்றால் ஸ்டார் முடிச்சு சுருளுக்குள் இருக்கும். காயில் கட்டுகிறவரிடம் கொடுத்துப் பிரித்து வாங்கு. பழைய சுவிட்ச் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கக் கூடாது, ஓட்டத்தில் துண்டித்தால் டிரைவ் போய்விடும். சுவிட்ச் ஒயரை டிரைவின் கண்ட்ரோல் முனைகளுக்குக் கொண்டு போ.

டிரைவில் அதிகபட்ச ஃப்ரீக்வென்சியை 50 ஹெர்ட்ஸிலேயே பூட்டி வை. 200 மி.மீ. கல், நேரடி மோட்டார் 2880 சுற்று என்றால் விளிம்பு வேகம் நொடிக்கு 30 மீட்டர். 55 வைத்தால் 3168 சுற்று, 33-ஐத் தாண்டும். சாதாரண விட்ரிஃபைட் கல்லில் 33 மீட்டர் என்றுதான் எழுதியிருக்கும்.

மெஷினோடு வரும் பழைய கல்லை விரலில் தொங்கவிட்டு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பார். கணீரென்று கேட்கணும். மந்தமாகக் கேட்டால் விரிசல், உடைத்துப் போட்டுவிடு. நல்ல கல்லாக இருந்தாலும் மாட்டியதும் முதல் ஒரு நிமிஷம் கல்லுக்கு நேராக நிற்காதே.

ஏற்றும்போது ஹெட்டை மரக்கட்டை மேல் இறக்கி வை. வி பெட்டில் டேபிள் சும்மா உட்கார்ந்துதான் இருக்கும், சாய்த்தால் விழுந்துவிடும். தனியாகத் தூக்கி வைத்துவிடு. கயிறு அடிப்பாகத்தைச் சுற்றிப் போகணும், ஹேண்டில் வீலில் மாட்டக் கூடாது. இறக்கி, லெவல் பார்த்து, இரண்டு நாள் விட்டு மறுபடி லெவல் பார்த்த பிறகு சக்கை அரை. காந்தத்தைப் போட்டே அரை, போடும்போது சக் கொஞ்சம் வளையும்.