லூக்கா நான்காம் அதிகாரத்தை எதுவரை வாசிப்பது?

வாய்க்கால்கரை (கேள்வி)

கிளிநொச்சிக்குக் கிட்ட உள்ள ஒரு சிறிய சபையில், போதகர் வர முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்பவன் நான். சென்ற மாதம் லூக்கா 4:18ஐ எடுத்துப் பேசினேன். சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்று ஆண்டவர் சொன்னது பாவச் சிறையைத்தான் என்று விளக்கி, பிழையில்லாமல் பேசி முடித்தேன் என்ற நினைப்போடு இறங்கினேன். ஆராதனை முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அம்மா ஒருவர் கிட்ட வந்தார். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடங்கிய போராட்டத்தில், காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக உட்கார்ந்தவர்களுள் அவரும் ஒருவர். கைப்பைக்குள் மகனின் படம் இருந்தது. பிளாஸ்டிக் உறையின் ஓரம் பிரிந்து, உள்ளே போன மழைநீர் அந்தப் பிள்ளையின் ஒரு தோளை அழித்திருந்தது.

"தம்பி, சிறைப்பட்டவைக்கு விடுதலை எண்டு நல்லா வாசிச்சனீங்கள். பிறகு அது பாவச் சிறை எண்டு சொல்லிப்போட்டியள். என்ரை பிள்ளை எந்தச் சிறையில இருக்கிறான் எண்டுதானே நான் கேக்கிறன்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. எங்கள் சபையில் அந்த அம்மாவும், முன்னாள் போராளிகளும், பிள்ளையைக் கட்டாய ஆட்சேர்ப்பில் பறிகொடுத்தவர்களும், அரச உத்தியோகத்தரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். சில ஞாயிறுகளில் யாரென்று தெரியாத ஒருவர் வாசலில் மோட்டார் சைக்கிளோடு நிற்பார். இந்த நிலையில், வேதவசனத்தை வானத்துக்குத் தூக்கி அனுப்பிவிடாமலும், பீடத்தைக் கட்சி மேடையாக்காமலும் விடுதலையைப் பிரசங்கிப்பது எப்படி?

பனையடி

தம்பி, நானும் முப்பது வருடங்களாக அந்த வசனத்தை அப்படித்தான் பிரசங்கித்தேன்; அந்த அம்மாவைப் போல ஒருவர் என்னிடம் வந்து கேட்காதது என் துரதிர்ஷ்டம். பதினெட்டாம் பத்தொன்பதாம் வசனங்களோடு நாம் நிறுத்திவிடுவதில்தான் கோளாறு இருக்கிறது. இயேசு ஏசாயாவின் 61ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது, தேவன் பழிதீர்க்கும் நாளைப் பற்றிய தொடருக்கு முன்பாகவே புத்தகத்தைச் சுருட்டிவிடுகிறார். அதுவரை நாசரேத்தூரார் அவருடைய பேச்சை மெச்சிக்கொண்டுதான் இருந்தார்கள். பஞ்சகாலத்தில் எலியா அனுப்பப்பட்டது சரெப்தாவிலிருந்த அந்நிய விதவையிடம், குஷ்டம் நீங்கியது சீரியனாகிய நாகமானுக்கு என்று அவர் சொன்ன பிறகுதான், அவரை மலையுச்சியிலிருந்து தள்ளிவிடக் கொண்டுபோனார்கள். வன்னியில் பதினெட்டாம் வசனத்துக்கு எல்லாரும் ஆமென் சொல்வார்கள். முப்பதாம் வசனம்வரை வாசிக்கிறவர், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களைப் பற்றியும், 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களைக் கூலிக்கு மட்டும் தேடிய நம்மைப் பற்றியும் பேச வேண்டிவரும். அப்படிப் பேசுகிற பீடத்தை எந்தக் கட்சியும் இரவல் கேட்டு வராது.

அந்த அம்மாவுக்கு என்ன சொல்வது என்றால், 2 சாமுவேல் 21க்குப் போங்கள். தாவீது அரசியல் கணக்கொன்றைத் தீர்ப்பதற்காக ஏழு பேரைக் கையளித்துக் கொல்ல விடுகிறான். அவர்களில் இருவர் ரிஸ்பாள் என்ற தாயின் பிள்ளைகள். அவள் பாறையின்மேல் இரட்டுப் புடவையை விரித்து, அறுப்புத் தொடங்கிய நாளிலிருந்து மழை பெய்யும்வரை, பகலில் பறவையும் இரவில் மிருகமும் உடல்களைத் தொடாமல் காத்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசியதாக வேதத்தில் இல்லை. செய்தி அரசனுக்கு எட்டுகிறது. எலும்புகள் சேர்க்கப்பட்டு அடக்கம் நடக்கிறது. அதன் பிறகே தேசத்துக்காகச் செய்யப்பட்ட விண்ணப்பத்தைத் தேவன் கேட்டார் என்று எழுதியிருக்கிறது. போராட்டத் தகரக் கொட்டகையில் வருடக்கணக்காக இருக்கும் அம்மாமாருக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். நீங்கள் நிறுத்தி வாசித்தாலே போதும்.

ஓலைக்குடிசை

இதை நான் ஏற்கவில்லை. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13 நம் வேதத்தில்தான் இருக்கிறது. அதைவிட, விடுதலை என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் வேறொரு பாரம் உண்டு. ஓர் இயக்கம் அதைத் தன் பெயரிலேயே வைத்திருந்தது. 2009 மார்ச்சில் வலைஞர்மடம் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த இளம் பிள்ளைகள் அந்த விடுதலையின் பெயரால்தான் இழுத்துச் செல்லப்பட்டார்கள். பீடத்திலிருந்து அந்தச் சொல் வரும்போது, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுடைய காதில் அது எப்படி விழும் என்று யோசித்தீர்களா?

கடலோரத்தாள்

அண்ணா சொல்வது நியாயம். அப்படியென்றால் வலைஞர்மடத்தையும் பெயர் சொல்லியே பிரசங்கிக்க வேண்டும். மௌனம் அந்தப் பெற்றோருக்கும் உதவவில்லையே. ரோமர் 13இன் நான்காம் வசனம், அதிகாரம் நன்மைக்காக ஊழியம் செய்கிறது என்கிறது. அதையே அளவுகோலாக வைத்தால், அளக்கப்படுவது அதிகாரமும்தான்.

நான் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவள், மன்னார் கரைப்பக்கம். மறையுரையில் பெரிய சொற்களைக் குறைத்து, இடத்தையும் எண்ணையும் கூட்டினால் மேடைப்பேச்சின் வாடை தானாகவே போய்விடும் என்பது என் அனுபவம். அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில், யுத்தம் பற்றி விசாரிக்க அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தது ஒரு கழித்தல் கணக்கு: கச்சேரி (மாவட்டச் செயலக)ப் பதிவின்படி 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059, 2009 ஜூலைவரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380, மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது? குரலை உயர்த்தத் தேவையில்லாத கேள்வி அது. எல் சல்வடோரில் பேராயர் ஒஸ்கார் ரொமேரோவும் ஞாயிறு மறையுரைகளில் அந்த வாரம் கொல்லப்பட்டவர்களுடைய, காணாமல் போனவர்களுடைய பெயர்களை வாசித்தார். வானொலியில் நாடே கேட்டது. அடக்குமுறையை நிறுத்துங்கள் என்று படையினரிடம் கேட்ட மறுநாள், 1980 மார்ச் 24இல், திருப்பலி நிறைவேற்றும்போதே சுடப்பட்டார். ஆபத்தில்லாத வேலை என்று நான் சொல்லவரவில்லை.

இன்னொன்று, எங்கள் பக்கத்தில் நடந்தது. 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள், இரணைமாதாநகரில் ஒரு வருடம் போராடிய பிறகும் முடிவு கிடைக்காமல், 2018 ஏப்ரல் 23இல் தாங்களே வள்ளங்களில் ஏறி, கடற்படையின் பிடியிலிருந்த தங்கள் தீவுக்குப் போனார்கள். இறங்கியதும் கோவிலுக்குப் போய்ச் செபித்தார்கள். நாபோத் தன் முன்னோரின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் ராஜாவுக்குக் கொடுக்க மறுத்த கதையை அந்தக் கரையில் வாசித்தால், ஆகாப் யார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

ஓலைக்குடிசை

வலைஞர்மடத்தையும் சொல்வீர்கள் என்றால் எனக்குத் தகராறு இல்லை. வாசலில் நிற்பவரை என்ன செய்வீர்கள்?

பனையடி

உள்ளே வந்து இருக்கச் சொல்லுங்கள். பாய் போதாவிட்டால் என்னுடையதைக் கொடுக்கலாம்.

வாய்க்கால்கரை

ஐயாவுக்கும் சகோதரிக்கும் நன்றி, அண்ணாவின் எச்சரிக்கைக்கும். நேற்று அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய், பாவச் சிறை என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அடுத்த முறை ரிஸ்பாளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், யாரென்று தெரியாமல் விழித்தார். கதையைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அவளுக்கு எலும்பெண்டாலும் கிடைச்சதே" என்றார். பிரசங்கத்தை இப்போது திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன்.