ஊட்டியில் இ-கேட்ஹெரின் ஸ்டெயின் பிடிக்கவே இல்லை, ஆன்டிபாடி கெட்டுப்போயிருக்குமா?

மலையேறிய டெக்னீஷியன்:
வணக்கம். கோயம்புத்தூரில் ஆறு வருஷம் பயாப்சி லேபில் இருந்தேன், நான்கு மாதம் முன்னால் ஊட்டிக்கு வந்தேன். மார்பகக் கட்டித் திசுவில் இ-கேட்ஹெரின் இருக்கிறதா என்று ஆன்டிபாடி போட்டு நிறமேற்றிப் பார்க்கிறேன். செல்லோடு செல்லை ஒட்டவைக்கும் புரதம் இது. டக்டல் (பால்நாள வகை) புற்றில் செல் ஓரமெல்லாம் பழுப்புக் கோடு விழும், லோபுலர் (பால்சுரப்பி மடல் வகை) புற்றில் பெரும்பாலும் விழாது. அதனால் ஸ்டெயின் தப்பினால் ரிப்போர்ட்டே தப்பிவிடும்.

ஆன்டிபாடி என்.சி.ஹெச்-38, சுண்டெலியில் உண்டாக்கியது. கீழே இருந்தபோதும் இதே குளோன், அதாவது இதே ரகம்தான். ஆன்டிபாடி போடுமுன் ஸ்லைடைச் சூடாக்க சிட்ரேட் பஃபர் கரைசல் பி.ஹெச் 6, வாட்டர் பாத் 98 டிகிரி, 20 நிமிடம். தேன்கூடு வரைந்த மாதிரி வரும். இங்கே மூன்று கேஸ் போட்டேன், மூன்றிலும் பின்னணிச் சாயமான ஹெமடாக்சிலினின் நீலம் மட்டும்தான். புது ஆன்டிபாடிக் குப்பி ஐஸ் பெட்டியில் வந்தபோது குன்னூர் பக்கம் மரம் விழுந்து வண்டி மூன்று மணிநேரம் நின்றுவிட்டது. அதில் கெட்டிருக்குமா? இன்னொரு குப்பி வாங்கித் தாருங்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

பழைய மைக்ரோடோம்:
தங்கச்சி, ஐஸ் பெட்டியில் மூன்று மணிநேரம் இருந்ததால் ஆன்டிபாடி செத்துவிடாது. திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்குவதுதான் அதற்கு எமன். முதலில் ஒன்று சொல்லுங்கள்: அதே ஸ்லைடில் கட்டிக்குப் பக்கத்தில் நல்ல பால்நாளம் இருக்குமே, அதில் பழுப்பு விழுந்ததா?

மலையேறிய டெக்னீஷியன்:
இல்லை அண்ணா. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். நல்ல நாளமும் வெளுப்புதான்.

பழைய மைக்ரோடோம்:
நல்ல நாளத்தில் பழுப்பு விழுந்தே ஆகவேண்டும்; அதுவே விழவில்லை என்றால் ஸ்டெயினே வேலை செய்யவில்லை. அந்த மூன்று ஸ்லைடையும் வைத்து யாரும் எதுவும் சொல்லக்கூடாது. டாக்டரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், வாட்டர் பாத் டயலை நம்பாதீர்கள். பஃபருக்குள்ளேயே தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், டயலில் 98 வைத்தாலும் ஏறாது. நான் கொடைக்கானலில் பதினோரு வருஷம் இதோடு மல்லுக்கட்டியவன். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகாத ஊரில் திசு மட்டும் எப்படி வேகும்?

திசு கெடாமலிருக்கப் போடும் ஃபார்மலின் புரதங்களைக் குறுக்கே முடிச்சுப் போட்டுப் பிணைத்துவிடுகிறது. ஆன்டிபாடி பிடிக்கவேண்டிய இடம் அதற்குள்ளே ஒளிந்துகொள்ளும். சூடுதான் அந்த முடிச்சைத் தளர்த்துகிறது. 1991-ல் ஷி என்பவரும் கூட இருந்தவர்களும் மைக்ரோவேவில் வைத்துக் காட்டிய வழி இது. ஐந்தாறு டிகிரி குறைந்தாலும் சில ஆன்டிபாடிகள் முரண்டு பிடிக்கும்.

பிரஷர் குக்கருக்கு மாறுங்கள். அங்கேயும் உள்ளே 115 டிகிரி சுமாருக்கு ஏறும். பஃபரையும் டிரிஸ்-ஈ.டி.டி.ஏ, பி.ஹெச் 9 என்று மாற்றிப் பாருங்கள், இ-கேட்ஹெரினுக்கு எனக்கு எப்போதும் அதுதான் கைகொடுத்தது. பிரஷர் ஏறியதும் மூன்று நிமிடம் போதும். மூடியைத் திறந்ததும் ஸ்லைடைப் பச்சைத்தண்ணீரில் போட்டுவிடாதீர்கள், சூட்டு பஃபரிலேயே 20 நிமிடம் ஆறட்டும்.

குன்னூர் பேத்தாலஜி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. புரோட்டோகாலில் 'அறை வெப்பம்' என்று போட்டிருந்தால் அது 20, 25 டிகிரி. ஜனவரியில் உங்கள் அறை 13 இருக்கும். ஆன்டிபாடியை ஒரு மணிநேரம் ஊறவிடும் இன்குபேஷன் பத்தாது. ஈரப்பெட்டியில் இரவு முழுக்க 4 டிகிரியில் வையுங்கள். லோபுலர் என்று சந்தேகம் வந்தால் இ-கேட்ஹெரினோடு ஒட்டியிருக்கும் பி-120 கேட்டனின் என்ற புரதத்துக்கும் கூடவே ஸ்டெயின் போடுங்கள், லோபுலரில் அது செல் ஓரத்தை விட்டு சைட்டோபிளாசத்துக்குள் பரவிக்கிடக்கும். ஒற்றை நெகட்டிவை மட்டும் நம்பி உட்கார வேண்டியதில்லை.

மலையேறிய டெக்னீஷியன்:
அண்ணா, அக்கா, நேற்று போட்டேன். தெர்மாமீட்டர் 92.5-ல் நின்றுவிட்டது, பஃபர் கொதித்துக்கொண்டிருந்தது. குக்கரில் வைத்து, அதே குப்பி ஆன்டிபாடியை ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் மைக்ரோஸ்கோப்பின் 40 லென்ஸில் பார்த்தபோது நல்ல நாளத்தைச் சுற்றி அந்தப் பழுப்புக் கோடு, ஒவ்வொரு செல்லுக்கும் ஓரம் போட்டது போல. கண் கலங்கிவிட்டது.

மூன்று கேஸில் இரண்டில் கட்டியும் நன்றாகப் பிடித்திருக்கிறது. மூன்றாவதில் நாளம் பழுப்பு, கட்டி வெளுப்பு. அதற்கு பி-120 போடச் சொல்லி டாக்டரே எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட் எதுவும் இன்னும் வெளியே போகவில்லை.

ஒரு ஸ்லைடில் மட்டும் திசு ஓரம் உரிந்து மடங்கியிருக்கிறது. திசு ஒட்டுவதற்கான பாலிலைசின் பூசிய ஸ்லைடுதான், 4 மைக்ரான் வெட்டு. 60 டிகிரியில் ஒரு மணிநேரம் காயவைத்தேன். இங்கே இன்னும் அதிகம் வேண்டுமா?

பழைய மைக்ரோடோம்:
வேண்டும். மழைக்கும் மஞ்சுக்கும் ஸ்லைடில் ஈரம் தங்கும். முதல்நாள் ராத்திரியே 37-ல் வைத்துவிட்டு, காலையில் 60-ல் ஒரு மணிநேரம் கொடுங்கள்.