படகின் 16 அங்குலப் பின்பலகைக்கு 20 அங்குல மோட்டார் ஷாஃப்ட் ஒத்துவருமா?
அண்ணன்மாரே, ஒரு யோசனை சொல்லுங்கள். முத்துப்பேட்டை காயலில் ஓட்ட 14 அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். மோட்டார் மாட்டும் பின்பலகையின் உயரம், நடுவில் டேப் பிடித்துப் பார்த்தால், 16 அங்குலம். பழைய 8 எச்.பி. மோட்டார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஷாஃப்ட், அதாவது பலகையில் மாட்டும் இடத்திலிருந்து விசிறித் தட்டு வரை உள்ள நீளம், 20 அங்குலம். மாட்டிப் பார்த்தோம். விசிறிக்கு மேலே இருக்கும் தட்டு, படகின் அடியிலிருந்து 4 அங்குலம் கீழே தொங்குகிறது. ஒரு அங்குலம் இறங்கினாலே போதுமே! கோரையாறு வந்து சேரும் பக்கம் தண்ணீர் வற்றினால் எல்லாம் சேறுதான். சேறு ஏறித் தண்ணீர் இழுக்கும் துளை அடைத்துக்கொண்டால் இன்ஜின் சூடாகிவிடும். பலகை மேல் 3 அங்குலக் கட்டை வைத்து உயர்த்தலாமா, இல்லை 15 அங்குல ஷாஃப்டே தேடட்டுமா? கட்டை போதும் என்கிறான் மச்சான். அவனுக்கு நீச்சல் தெரியும், எனக்குத் தெரியாது. கட்டை வைத்து ஓட்டியவர்கள் சொல்லுங்கள், போல்ட் தளராமல் நிற்கிறதா?