ஹவுரா படகுத்துறையில் ஆறு வடக்கே போன சாயங்காலம்

நொய்யல்கரையான்:

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்காக 2009-லிருந்து நாலு வருஷம் கொல்கத்தா படாபஜாரில் வசூல் வேலை பார்த்தேன். தங்கியது ஹவுரா பக்கம், கங்கையின் கிளையான ஹூக்ளி ஆற்றுக்கு அக்கரையில். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ஆற்றைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் பாலம், எதிரே படகுத்துறை. லாஞ்ச் காட் என்றுதான் அங்கே சொல்வார்கள். பாலத்தில் நடந்தும் போகலாம். ஆனால் தலையில் மூட்டையோடு ஓட்டமும் நடையுமாக வருகிறவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டே நேரம் போய்விடும். பஸ் அதைவிட மோசம். லாஞ்சில் ஏறினால் பத்து நிமிஷத்துக்குள் அர்மீனியன் காட். இறங்கி, தள்ளுவண்டிகளுக்கு நடுவே புகுந்து நடந்தால் கடைவாசல்.

1854-ல் ஹவுராவிலிருந்து ரயில் ஓட ஆரம்பித்தபோது ஆற்றின் மேல் பாலமே கிடையாது. கொல்கத்தா ஆட்கள் இந்த அர்மீனியன் காட்டில் டிக்கெட் வாங்கி, படகில் அக்கரை போய்த்தான் ரயிலேறினார்கள். மிதவைப் பாலம் வந்தது 1874-ல், இப்போதுள்ள இரும்புப் பாலம் 1943-ல். நான் தினமும் போன வழி பாலத்துக்கும் மூத்தது என்று தெரிந்த நாளில் நிஜமாகவே பெருமையாக இருந்தது.

சொல்ல வந்தது வேறு. முதல் மாதம் எனக்கு ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. மிதவை மேடையின் ஒரு முனையில் நான் போய் நிற்பேன். படகின் வாசல் மறுமுனையில் வந்து நிற்கும். மறுநாள் மறுமுனைக்குப் போனால் படகு திரும்பி அணைந்திருக்கும். நான் ஓடுவதற்குள் உட்கார இடம் போய்விடும். பக்கத்தில் நிற்கிறவர்கள் மட்டும் எப்படிச் சரியான இடத்தில் நிற்கிறார்கள்?

ஒருநாள் சாயங்காலம் ஜால்முரி என்கிற காரப்பொரி விற்கிறவர் என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு, கரண்டியால் ஆற்றைக் காட்டி "ஜோவார்" என்றார். பார்த்தேன். ஆகாயத்தாமரைக் கொத்துகள் பாலத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. காலையில் அதே செடிகள் தெற்கே போனதை நான் பார்த்திருக்கிறேன். நொய்யல் கரையில் பிறந்தவனுக்கு ஆறு ஒரு பக்கம்தான் போகும். அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. இங்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிற கடல் ஆற்றைப் பிடித்துப் பின்னால் தள்ளுகிறது! அன்று இரண்டு லாஞ்சை விட்டுவிட்டு அப்படியே நின்று பார்த்தேன்.

ஏற்றத்துக்கு ஜோவார், வற்றத்துக்கு பாட்டா. கரையிலிருந்து மேடைக்கு இறங்கும் இரும்பு நடைபாலமும் அதைச் சொல்லிவிடும். ஜோவாரில் தரை மாதிரி மட்டமாகக் கிடக்கும். பாட்டாவில் சரிவாகிவிடும், சைக்கிள்காரர்கள் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்குவார்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள், கயிறு கட்டும் முன்பே தாவிவிட்டேன். படகு மேடையின் டயரில் இடித்து ஒரு முழம் பின்வாங்கியது. இடது கால் அந்த இடுக்கில் இறங்கிவிட்டது. கயிறு போடுகிறவர் ஒரு கையில் கயிற்றை விடாமல், மறு கையால் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்தார். திட்டவில்லை. "ஆஸ்தே தாதா, ஆஸ்தே" என்றார், மெதுவாக என்று. முளையில் சுற்றிய கயிறு இறுகி, துணி பிழிந்ததுபோல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்த கையைப் பார்த்தேன். சுட்டுவிரலில் நுனிக்கணு இல்லை. நான் பார்ப்பதைக் கவனித்து, கயிற்றைக் காட்டித் தலையாட்டினார்.

மறுநாளிலிருந்து நான் நடைபாலத்தில் இறங்கும்போதே எந்த முனை என்று முகவாயால் காட்டிவிடுவார். நாலு வருஷம் அது ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

லேக்மார்க்கெட் அக்கா:

தம்பி, நான் கல்யாணமாகி கொல்கத்தாவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்க மாமியார் மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்தப்ப மகாளய அமாவாசை. பெங்காலிகளும் அன்னிக்குத்தான் கங்கையில் தர்ப்பணம் பண்ணுவாங்க. பாபுகாட் படித்துறையில நிக்க இடமில்லை. மாமனாருக்கு எள்ளும் தண்ணியும் விட்டு முடிக்கிற நேரத்துல மைக்குல ஏதோ சொன்னாங்க, ஜனங்க படியேற ஆரம்பிச்சுட்டாங்க. கரையில கட்டியிருந்த படகெல்லாம் ஒவ்வொண்ணா அவுத்துக்கிட்டு நடு ஆத்துக்குப் போகுது. "நம்மளை விட்டுட்டுப் போறாங்களேடி"ன்னு மாமியார் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

பக்கத்துல நின்ன ஒரு பெரியம்மா சொன்னாங்க, "பான் வருது". அமாவாசை, பௌர்ணமியில ஏத்தம் ஒரே அலையா ஆத்துக்குள்ள ஏறி வரும். அதுல பெருசுக்கு ஷாராஷாரி பான்னு பேரு, ரெண்டு காளை முட்டிக்கிற மாதிரி. அலை கரையிலதான் உடையும், நடுவுல தூக்கித் தூக்கி மட்டும் விடும். அதான் படகு நடுவுக்குப் போகுது. கொஞ்ச நேரத்துல தெற்கேயிருந்து வெள்ளையா ஒரு கோடு. வந்து மோதினதுல நாங்க நின்னிருந்த படியெல்லாம் காணோம். லாஞ்சும் நிறுத்தித்தான் வெச்சிருந்தாங்க, தண்ணி அடங்கினப்புறம்தான் விட்டாங்க. காவேரியில இப்படி ஒண்ணு வந்தா துலா ஸ்நானம் என்ன ஆகும்னு மாமியார் ஊருக்குப் போற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

உப்புக்காற்று (தூத்துக்குடி):

அண்ணாச்சி, படகு ஏன் திரும்பி அணையுதுன்னா, எந்தப் படகும் நீவாட்டுக்கு, அதாவது நீரோட்டத்துக்கு, எதிரே அணியத்தை (படகோட முன்பக்கத்தை) வச்சுத்தான் அணையணும். நீவாடு பின்னாலிருந்து தள்ளினா நிறுத்த முடியாது, மேடையில போய் முட்டும். எதிரே வச்சா தண்ணி சுக்கானை உரசிக்கிட்டே போகும். அதனால வேகத்தைக் குறைச்சாலும் படகு சொன்ன பேச்சுக் கேக்கும். செடி வடக்கே போனா அணியம் தெற்கே. நான் கப்பல் வேலைக்குப் போய்ப் படிச்சதை அந்த ஜால்முரிக்காரர் ஒரு வார்த்தையில சொல்லிட்டாரு.

இன்னொண்ணு, எல்லாரும் குறிச்சுக்கோங்க. கயிறு ரெண்டு சுத்து விழாம காலை எடுத்து வைக்காதீங்க. இடுக்குல கால் போய் நசுங்கின ஆளை நான் வேற ஊர்ல பார்த்திருக்கேன்.

நொய்யல்கரையான்:

அக்கா, நடு ஆற்றுக்குப் போகும் படகுகளை நானும் பார்த்திருக்கிறேன், காரணம் இப்போதுதான் புரிகிறது. அண்ணாச்சிக்கு நன்றி. அணியம் என்ற சொல்லை எழுதி வைத்துக்கொண்டேன்.

2024 மார்ச்சில் ஆற்றுக்கு அடியில் மெட்ரோ வந்துவிட்டது. அந்த வருஷக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அதிலும் ஏறினேன். ஆற்றைத் தாண்டுகிற இடத்தில் சுவரில் நீல விளக்குகள், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உபகாரம், குறை சொல்ல மாட்டேன். திரும்பும்போது லாஞ்சில் வந்தேன். உட்கார இடம் தாராளமாக இருந்தது. நாங்கள் தொங்கிக்கொண்டு போன நேரம் அது.

கயிறு போட்டவர் ஒரு இளைஞர். பழையவரைப் பற்றிக் கேட்டேன், எனக்கு வந்த அரைகுறை வங்காளியில் விரலைக் காட்டிக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. டிக்கெட் கொடுக்கிறவர் மட்டும், "பாக்பஜார் பக்கம் ஓடுகிற லாஞ்சில் இருக்கலாம்" என்றார். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அக்கா, நீங்கள் அந்தப் பக்கம் போனால் ஒரு வார்த்தை விசாரிக்க முடியுமா? படாபஜார் பனியன்காரன் கேட்டான் என்று சொன்னால் போதும்.