மணியோட பிபி: இப்போ எப்படி இருக்கான்னா

போன தடவை கேட்டிருந்தேன்ல, எங்க 13 வயசு நாய் மணிக்கு கிட்னி பிரச்சனையால பிபி 190 தாண்டி, பெனாஸெப்ரில் கூட அம்லோடிபினும் (ரெண்டும் பிபி மாத்திரை) ஆரம்பிச்சதுல இருந்து சுருண்டு சுருண்டு படுத்துக்கறான், ஈறு வேற வீங்குதுன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் மனசார நன்றி.

திரும்ப டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். இந்த தடவை உடனே பார்க்கல, பத்து நிமிஷம் அமைதியா என் மடியிலயே படுக்க விட்டு, அப்புறம் முன்னங்கால்ல பட்டையைச் சுத்தி, முதல் ரீடிங்கை விட்டுட்டு அடுத்த அஞ்சாறு தடவை எடுத்து சராசரி பார்த்தாங்க. 104! ரொம்ப இறங்கிடுச்சு. சோர்வுக்குக் காரணம் அதான், அம்லோடிபின் டோஸ் அவனுக்கு அதிகம். பாதியா குறைச்சாங்க. நாமளா திடீர்னு நிறுத்திடவே கூடாதுன்னு கண்டிப்பா சொன்னாங்க, பிபி மறுபடி எகிறினா விழித்திரை பிரிஞ்சு பார்வையே போயிடலாமாம்.

ஈறும் அம்லோடிபினாலதானாம். உதட்டைத் தூக்கிப் பார்த்தா முன்பல்லு பாதி மறைஞ்சு போயிருந்துச்சு, லேசா தொட்டாலே ரத்தம், பார்க்கவே வயித்தைப் பிசைஞ்சுது. டோஸ் குறைச்ச பிறகு கொஞ்சம் கொஞ்சமா வத்துது. வத்தலைன்னா டெல்மிசார்டன் மாதிரி வேற மருந்து பார்க்கலாம்னாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு பார்த்தா பிபி 146, இப்போ பரவாயில்லை, கிரியாட்டினினும் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற ரத்த டெஸ்ட்) ஏறல. நேத்து கேட் சத்தம் கேட்டதும் அவனாவே எழுந்து வாசல் வரைக்கும் வந்தான், வாலை ஆட்டிக்கிட்டு, எனக்கு அழுகையே வந்துருச்சு. அடுத்த செக்கப் அடுத்த மாசம்.