செலெக்டின்: தெரிபற்றியா, தெரிபிடியா, அப்படியே விடுவதா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமைக்குள் ஓர் ஆய்வகக் கையேட்டைத் தமிழில் முடித்துத் தர வேண்டும். தமிழ் வழியில் படித்துவிட்டு உயிர்தொழில்நுட்பத்துக்கு வரும் முதலாண்டு மாணவர்களுக்கானது. பதினோரு பக்கம் தடையில்லாமல் ஓடியது. பன்னிரண்டாவதில் ஒரு குப்பியின் பெயரில் நின்றுவிட்டேன்: ‘மறுசேர்க்கை மனிதப் பி-செலெக்டின்’, அதாவது மரபணுவை வேறு செல்லில் செலுத்திச் செய்த ஒரு மனிதப் புரதம். உள்ளே 50 மைக்ரோகிராம், உறையவைத்து உலர்த்தியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடியில் திருநீறு ஒட்டியதுபோல் ஒரு மங்கல் தெரியும். சில குப்பிகளில் அதுவும் தெரியாது. திறக்குமுன் சுழற்றி அடியில் இறக்க வேண்டும், கரைத்தபின் குலுக்கக் கூடாது என்பதையெல்லாம் எழுதிவிட்டேன். செலெக்டினுக்குத்தான் சொல் இல்லை.

அது செய்யும் வேலை இதுதான். காயம் பட்ட இடத்தில் இரத்தக்குழாயின் உட்சுவரில் தலைநீட்டி, ஓட்டத்தில் போகும் வெள்ளணுவைப் பிடித்து வேகத்தைக் குறைக்கிறது. வெள்ளணு சுவரோரமாக உருண்டு, பிறகு வேறு புரதங்களின் பிடியில் இறுகி நின்று, இடுக்கில் நுழைந்து வெளியேறுகிறது. அழற்சி ஆய்வில் இந்தப் புரதத்தைக் கண்ணாடியில் பூசி, மேலே வெள்ளணுக்களை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். ‘ஒட்டான்’ என்று வைக்கலாமா?

– வா.

*

அம்மா, ஒட்டான் வேண்டாம். அது எதிர்மறை, ஒட்டமாட்டான் என்று பொருள். ‘ஒட்டார்சொல் ஒல்லை உணரப் படும்’ என்ற குறளில் (826) ஒட்டார் பகைவர். ஒட்டும் புரதத்துக்குப் பகைவன் என்று பெயரிட்டால் மாணவர்கள் சிரிப்பார்கள், அல்லது சிரிக்கும் அளவுக்குக்கூடக் குறள் தெரியாமல் இருப்பார்கள். இரண்டுமே வருத்தம்தான்.

செலெக்டின் என்று அப்படியே எழுதுவதும் கூடாது. ககர ஒற்றுக்குப் பின் ககரம்தான் வரும், டகரம் வராது. எந்த மெய்க்குப் பின் எது வரும் என்ற மெய்ம்மயக்கம் பள்ளிப் பாடம்.

வேரைப் பாருங்கள். சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்றும் புரதங்களுக்கு லெக்டின் என்ற சொல்லை 1954-இல் உருவாக்கியவர் வில்லியம் பாய்டு. லத்தீனில் லெகெரே என்றால் பொறுக்கு, தேர்ந்தெடு. செலெக்டினில் முன்னால் சேரும் ‘செலெக்ட்’, அதாவது ‘தேர்ந்த’ என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆக, தேர்ந்து தேர்வது. நமக்குத் ‘தெரி’ இருக்கிறது. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று அதிகாரங்களே உண்டு. ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’யில் பற்றும் இருக்கிறது. தாங்கி, ஏந்தி, காட்டி போலத் ‘தெரிபற்றி’ என்க.

– செ.

*

ஐயா, ‘தெரிபற்றி எழுதுக’ என்று தேர்வில் கேட்டால் மாணவர் எதைப் பற்றி எழுதுவார்?

சொல்லைவிடப் பெரிய சிக்கல் பொருளில் இருக்கிறது. ஒட்டு, பற்று இரண்டும் விடாமல் இருப்பதைச் சொல்கின்றன. செலெக்டின் பிடிக்கும், ஒரு நொடி முடிவதற்குள் விடும், அடுத்தது பிடிக்கும். அதனால்தான் வெள்ளணு நிற்காமல் உருள்கிறது. இறுக்கி நிறுத்துவது இன்டெக்ரின்கள் என்ற வேறு புரதங்களின் வேலை. நாயுருவிச் செடியின் பக்கமாக வேட்டியோடு நடந்தவர்களுக்கு இது புரியும்: ஒவ்வொரு கதிரும் இழுத்துவிட்டு விடுகிறது, நடை தளர்கிறது, ஆனால் விழுவதில்லை. அந்த ‘இழுத்து விடுதல்’ சொல்லில் வர வேண்டும். இப்போதைக்கு என் பரிந்துரை ‘தெரிபிடி’.

– ந.

*

‘தொற்றி’ என்று வைத்தால் என்ன? யாழ்ப்பாணத்தில் பஸ்ஸின் மிதிபலகையில் தொற்றிக்கொண்டு போய், அடுத்த தரிப்பிடத்தில் குதித்துவிடுவோம். பிடித்தலும் விடுதலும் இரண்டும் அதில் உண்டு. செல்லை ‘உயிரணு’ என்று எழுதுவதையும் கொஞ்சம் நிறுத்தலாம். எங்கள் பாடநூல்களில் ‘கலம்’ என்ற மூன்றெழுத்துச் சொல் எத்தனையோ ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

– ப.

*

கலம் நல்ல சொல்தான். ஆனால் அழற்சிப் பாடத்தில் ‘தொற்றி’ என்றால் முதல் வரியிலேயே நோய்த்தொற்று என்று படித்துவிடுவார்கள். அதைத் திருத்த அரை மணி நேரம் போகும்.

– ந.

*

பிடி என்றால் பெண்யானை என்பதை யாரும் சொல்லவில்லையே. களிறும் பிடியும் என்று சங்கப் பாட்டு எங்கும் நடக்கிறது. தெரிபிடி என்றால் ‘தேர்ந்த பெண்யானை’ என்றும் ஆகும்.

பி-செலெக்டின், ஈ-செலெக்டின் என்ற பெயர்களின் முன்னுள்ள ஆங்கில எழுத்துகளையும் மாற்ற வேண்டும். பி என்பது பிளேட்லெட், அதாவது இரத்தத் தட்டணு, ஆகவே த-தெரிபற்றி. ஈ என்பது எண்டோதீலியம், அதாவது குழாயின் உட்படலம், உ-தெரிபற்றி.

நாயுருவி பற்றித் தனியாக எழுதுகிறேன். நாயின் உடலில் உருவிக்கொள்வதால் அந்தப் பெயர் என்பது என் எண்ணம்.

– செ.

*

ஐயா, எழுத்தைத் தொடாதீர்கள். தட்டணுவில் முதலில் கண்டதால் பி என்றார்கள். ஆனால் அதே புரதம் குழாய்ச் சுவரின் செல்களிலும் பொதிந்திருக்கிறது. 1964-இல் வைபெலும் பலாடேயும் விவரித்த சிறு பைகளில். அடிபட்ட சில நிமிடங்களில் மேலே வந்துவிடும். ஈ-செலெக்டினோ புதிதாகச் செய்யப்பட வேண்டும். சில மணி நேரம் ஆகும். ஆக ‘பி’ பாதி தவறான பெயர். அந்தத் தவற்றை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

பெயர் வைத்த ஆய்வாளர்களும் சண்டை போட்டவர்கள்தான். ஒரே புரதத்துக்கு ஜி.எம்.பி.-140, பாட்ஜெம் என்று இரண்டு பெயர் ஓடின. ஈ-க்கு ஈலாம்-1. 1991-இல்தான் எல்லோரும் செலெக்டின் என்று ஒத்துக்கொண்டார்கள்.

– ந.

*

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீலகிரியில் பணிபுரியும் செவிலியர் நான். இங்குள்ள பழங்குடி மக்களிடம் அரிவாள் செல், அதாவது சிவப்பணு அரிவாள்போல் வளைந்து குழாயில் சிக்கும் குறைபாடு, இருப்பது 1952-லேயே பதிவானது. அந்த நோய்க்காகப் பி-செலெக்டினைத் தடுக்கும் மருந்து ஒன்றுக்கு 2019-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. பலன் உறுதிப்படவில்லை என்று 2023-இல் ஐரோப்பா அனுமதியைத் திரும்பப் பெற்றது. இந்தச் செய்தியை நான் ஒரு தாயிடம் சொல்ல வேண்டியிருந்தால் தெரிபற்றி என்றும் சொல்லமாட்டேன், செலெக்டின் என்றும் சொல்லமாட்டேன். ‘இரத்தம் குழாயில் சிக்கிக்கொள்ளாமல் தடுக்கும் ஊசி’ என்பேன். நீங்கள் தொடருங்கள்.

– ம.

*

எல்லோருக்கும் நன்றி. நாளை வெள்ளி. குப்பியின் பெயரும் வாங்கும் பட்டியலும் ‘பி-செலெக்டின்’ என்றே இருக்கும். மாணவர் தேடினால் கிடைக்க வேண்டும். விளக்கப் பகுதியில் ‘தெரிபிடிப் புரதம்’ என்று இருமுறை போட்டிருக்கிறேன். நான்கு பேர் சரி என்றார்கள். அவர்களில் இரண்டு பேர் ‘போதும், முடியுங்கள்’ என்ற தொனியில்.

– வா.

*

பெண்யானையைக் குப்பிக்குள் அடைத்துவிட்டீர்கள். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். குறைந்தது ‘செலத்தின்’ என்றாவது எழுதியிருக்கலாம். ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடவெழுத்தை நீக்கி, என்று தொல்காப்பியர் வடசொல்லுக்குக் காட்டிய வழி லத்தீனுக்கும் பொருந்தும். நாயுருவிக் கட்டுரை ஞாயிற்றுக்கிழமை வரும்.

– செ.