ஹெல்த் சர்வேல 'ஆசியன்'னு ஒரே கட்டம் போதுமா, உட்பிரிவு வரைக்கும் கேக்கணுமா?

கணக்குப்புள்ள:
வணக்கம் மக்களே. அமெரிக்காவுல ஒரு சின்ன ஹெல்த் சர்வே டீம்ல கேள்வித்தாள் தயார் பண்றது என் வேலை. எங்க ஃபார்ம்ல இனம் கேக்குற இடத்துல 'ஆசியன்'னு ஒத்தை கட்டம்தான். 2024 மார்ச்ல இனம் கேக்குறதுக்கான ஃபெடரல் தரத்தை மாத்தினதுல சீனர், இந்தியர், ஃபிலிப்பினோ, வியட்நாமியர், கொரியர், ஜப்பானியர்னு தனித்தனி கட்டம் வந்துடுச்சு, மிடில் ஈஸ்ட் / வட ஆப்பிரிக்காவும் இப்ப தனிப் பிரிவு. நாமளும் அப்படியே பண்ணிடலாம்னேன். மேனேஜர் என்ன சொல்றார்னா மொத்த சாம்பிளே 2,000 பேர், ஆசியர் 100 பேர் தேறுவாங்க, அதையும் இந்த ஆறு, கூட ஒரு 'வேற'ன்னு ஏழா கூறு போட்டா கட்டத்துக்கு பதினாலு பேரு, அதை வச்சு என்னத்த கிழிக்கப் போறோம், ஃபார்ம்தான் நீளும்ங்கிறார். அவர் சொல்றதும் நியாயமாத்தான் படுது. நீங்க என்ன சொல்றீங்க?

அரைவேக்காடு_எபி:
மேனேஜர் ரெண்டு விஷயத்தை ஒண்ணாக் குழப்புறார். கேக்குறது வேற, பப்ளிஷ் பண்றது வேற. விவரமா கேட்டு வச்சிட்டு அப்புறம் சேத்துக்கலாம், 'ஆசியன்'னு மட்டும் வாங்கி வச்சதை பின்னாடி எந்த சாஃப்ட்வேராலயும் பிரிக்க முடியாது. வருஷா வருஷம் 14 பேர்னாலும் நாலஞ்சு வருஷத்தை சேத்தா ஏதோ பேச முடியும், அங்க தேசிய ஹெல்த் இன்டர்வியூ சர்வேலயே ஆசிய உட்பிரிவு ரிப்போர்ட்டுக்கு பல வருஷத்தை சேத்துதான் போடுறாங்க.

எதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்னு அவர் கேட்டா இதை காட்டுங்க: 1988-92 அமெரிக்க கேன்சர் பதிவேட்டுல கர்ப்பப்பை வாய் புற்றுநோய் வியட்நாமியப் பெண்கள்ல லட்சத்துக்கு 43, ஜப்பானியப் பெண்கள்ல 5.8. ரெண்டு பேரையும் ஒரே டப்பால போட்டு சராசரி எடுத்தா 'ஆசியப் பெண்களுக்கு பெருசா பிரச்சனை இல்ல'ன்னு வந்து நிக்கும், ஸ்க்ரீனிங் காசு வேற பக்கம் போயிடும்.

வடலி:
நான் பிரிட்டனில இருக்கிறன். இங்க 2021 சென்சஸ் ஃபோர்மில ஆசியன் எண்டதுக்குக் கீழ இந்தியன், பாகிஸ்தானி, பங்களாதேசி, சைனீஸ் எண்டு நாலு பெட்டி, அஞ்சாவது 'வேற ஆசியப் பின்னணி', அதோட எழுதுறதுக்கு ஒரு இடம். எங்கட ஆக்கள் எல்லாம் அந்த இடத்துக்கதான் சீவிக்கினம் :) அதிலயும் ஒருத்தர் சிறீலங்கன் எண்டு எழுதுவார், மற்றவர் தமிழ் எண்டு, என்ர மாமா ஈழம் எண்டு. மூண்டு பேரும் ஒரே வீடு. எழுதினதைப் பாத்து வகை பிரிச்சு கோட் பண்ணுற ஆளுக்கு இது விளங்கேல்ல எண்டால் மூண்டு சனமாப் போயிடும்.

இன்னொண்டு. அம்மாவை ஒருக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனனான், கவுண்டரில இருந்த பிள்ளை ஒண்டும் கேக்கேல்ல, முகத்தைப் பாத்திட்டு இந்தியன் எண்டு அடிச்சுப்போட்டுது. நான் ஸ்கிரீனை எட்டிப் பாத்ததாலதான் தெரியும். பெட்டி எத்தினை வைச்சாலும் ஆளிட்டக் கேக்காமல் அடிச்சால் என்ன பிரயோசனம்?

போன்கால்பூதம்:
வடலி சொன்னது நூத்துக்கு நூறு. நான் சில வருஷம் போன் சர்வே எடுத்தவன், 'இந்தியன்'னு ஒருத்தர் சொன்னதும் அவசரத்துல அமெரிக்கப் பழங்குடி கட்டத்துல டிக் விழுந்ததெல்லாம் நடந்திருக்கு, நானே பண்ணிருக்கேன், அதனாலதான் 'ஏசியன் இந்தியன்'னு முழுசா போடுறது. அப்புறம் மொழி. இங்கிலீஷ்ல மட்டும் கேட்டா நல்லா செட்டில் ஆனவங்கதான் பேசுவாங்க, கஷ்டப்படுறவங்க 'நோ இங்கிலீஷ்'னு வச்சிடுவாங்க, அந்த டேட்டாவை எத்தனை கட்டமா பிரிச்சாலும் வசதியானவங்க கதைதான். கலிஃபோர்னியா ஹெல்த் இன்டர்வியூ சர்வே சீனம், கொரியன், வியட்நாமீஸ், ஃபிலிப்பினோக்களோட தகாலோக்னு அந்தந்த மொழி பேசுற ஆள் வச்சு எடுக்குது. அதுக்குத்தான் செலவு, ரெண்டு கட்டம் கூட போடுறதுக்கு இல்ல.

சந்தேகப்பிராணி:
எல்லாரும் சேகரி சேகரின்னா எப்படி? 14 பேர்ல வயசு, ஊர், நோய்னு ரெண்டு தடவ பிரிச்சா அது யாருன்னே தெரிஞ்சிடும். 1942ல உலகப்போர் சமயம் ஜப்பானிய அமெரிக்கர்களை தடுப்பு முகாமுக்கு அனுப்பினப்போ 1940 சென்சஸ்லேருந்து எந்தப் பகுதில எத்தனை பேருன்னு ராணுவத்துக்கு எண்ணிக் கொடுத்தாங்க, பேரே தேவைப்படல. அந்தக் குடும்பங்கள்ல வந்தவங்க ஃபார்மை பாத்து யோசிச்சா தப்பே இல்ல.

அரைவேக்காடு_எபி:
@சந்தேகப்பிராணி ஒத்துக்குறேன். மெடிகேர்ங்கிற அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டு டேட்டாவுல 11க்கு கீழ வர்ற எண்ணிக்கையை வெளிய காட்டக்கூடாதுன்னு விதியே இருக்கு, அதே மாதிரி இவங்களும் ஒரு வரம்பு வச்சு அதை ஃபார்ம்லயே எழுதிடணும். பதில் சொல்ல இஷ்டமில்லன்னா விட்டுடலாம்னும் போடுங்க.

கணக்குப்புள்ள:
எல்லாருக்கும் நன்றி. கேக்குறது வேற பப்ளிஷ் வேறங்கிறதை வச்சுத்தான் மேனேஜர்கிட்ட பேசப் போறேன். மொழிக்கு பட்ஜெட் கேட்டா திட்டுவார், பரவால்ல.

வடலி:
தம்பி, உங்கட ஃபோர்மில அந்த 'வேற' எண்ட இடத்தில எத்தினை எழுத்து அடிக்கலாம்?

கணக்குப்புள்ள:
இப்பதான் பாத்தேன் அக்கா, 12. 'ஸ்ரீலங்கன் தமிழ்'னு இங்கிலீஷ்ல அடிச்சா பாதில நிக்குது. நாளைக்கே மாத்திடுறேன்.